எதை எண்ணுவது? திருத்தணி எல்லையும் ஐரோப்பியச் சட்டமும்

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிக்காரர்களின் மாநிலம் மாறியது. அதற்கு முந்தைய நாள்வரை சித்தூர் மாவட்டத்தில், ஆந்திரப் பிரதேசத்தில் இருந்தவர்கள், அன்று முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில், சென்னை மாநிலத்தில் இருந்தார்கள். திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டு வட்டாரமும் தெற்கே சேர்ந்தன. பதிலுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தின் சத்தியவேடு வட்டாரமும் சேலம் மாவட்டத்தின் சில ஊர்களும் ஆந்திரத்துக்குப் போயின. இவை அனைத்தையும் செய்தது நாடாளுமன்றத்தின் 1959ஆம் ஆண்டு 56ஆவது சட்டம். ஆந்திரப் பிரதேசம், சென்னை எல்லை மாற்றச் சட்டம் என்பது அதன் பெயர். சென்னைச் சட்டப்பேரவையின் இடங்கள் 205இலிருந்து 206 ஆனதும் அதன் விளைவுதான்.

இன்று அந்தச் சட்டத்தை எடுத்துப் படிப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற அட்டவணைகள் இருக்கின்றன. சட்டமன்ற இடங்கள், நிலுவை வழக்குகள், சொத்துகள், கடன்கள் பற்றிய பிரிவுகள் இருக்கின்றன. ஏன் இந்த ஊர், ஏன் பக்கத்து ஊர் இல்லை என்பதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை. இந்த மாற்றத்துக்காகச் சிறை சென்றவர்களைப் பற்றியும் இல்லை. சட்டத்தைச் சட்டத்துக்குள் மட்டும் தேடினால் திருத்தணி எப்படித் தமிழ்நாட்டுக்கு வந்தது என்பது ஒருபோதும் விளங்காது.

விளக்கம் வெளியே இருக்கிறது. 1952 டிசம்பர் 15 அன்று பொட்டி ஸ்ரீராமுலு தனி ஆந்திர மாநிலம் கேட்டுச் சென்னையில் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. தகராறு இல்லாத தெலுங்குப் பகுதிகள் மட்டுமே புதிய மாநிலத்தில் சேரும் என்று பேசப்பட்டாலும், சித்தூர் மாவட்டம் முழுசாக அங்கே போனது. அந்த மாவட்டமே 1911இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் துண்டுகளைச் சேர்த்து ஆங்கில அரசு உருவாக்கியது. திருத்தணி அதற்கு முன் கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்த ஊர். மொழி பார்த்து யாரும் கோடு போடவில்லை. வரி வசூலும் நிர்வாக வசதியும் போட்ட கோடு அது. அந்தக் கோட்டைத்தான் ஆந்திர மாநிலச் சட்டம் அப்படியே எடுத்துக்கொண்டது.

இதை எதிர்த்து ம.பொ. சிவஞானமும் அவர் 1946இல் தொடங்கிய தமிழரசுக் கழகமும் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினார்கள். வேங்கட மலையே தமிழகத்தின் வட எல்லை என்பது அவர்கள் வாதம். தொல்காப்பியப் பாயிரத்தைச் சான்றாக வைத்தார்கள். ஆனால் ம.பொ.சி.க்கு முன்பே அந்த வட்டாரத்தில் ஊர் ஊராகப் போய்த் தமிழ் சொல்லிக்கொடுத்து, எல்லைக் கோரிக்கைக்கு வேர் பிடிக்க வைத்தவர் மங்கலங்கிழார். திருத்தணி வழக்குரைஞர் கே. விநாயகம் களத்தில் முன்னின்றார். மறியல், தடை மீறல், கைது, சிறை என்று அந்தப் போராட்டம் நடந்தது. ஆசிரியரும் வழக்குரைஞரும் சேர்ந்தே அந்தக் கோரிக்கையைக் கட்டினார்கள் என்பதைச் சட்ட வரலாறு எழுதுவோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

ஐரோப்பியச் சட்டத்தை ஆராய்பவர்களும் கடந்த சில பத்தாண்டுகளாக இதே சிக்கலோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். பாடநூல்கள் சொல்லும் கதை எளிமையானது. 1963 பிப்ரவரி 5 அன்று லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 'வான் ஹென்ட் என் லோஸ்' வழக்கில் தீர்ப்பளித்தது. மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு வேதிப்பொருளை இறக்குமதி செய்த டச்சு நிறுவனத்திடம் 3 சதவீதத்துக்குப் பதில் 8 சதவீதத் தீர்வை கேட்கப்பட்டது. ரோம் ஒப்பந்தம் இதைத் தடுக்கிறது என்றது நிறுவனம். ஒப்பந்தம் நாடுகளுக்கிடையிலான பேச்சு மட்டுமல்ல, தனிமனிதரும் அதை வைத்து உள்நாட்டு நீதிமன்றத்தில் உரிமை கேட்கலாம் என்றது தீர்ப்பு. அடுத்த ஆண்டு, மிலான் நகரத்து வழக்குரைஞர் ஒருவர் 2,000 லிராவுக்கும் குறைவான மின்கட்டணத்தைக் கட்ட மறுத்ததில் தொடங்கிய 'கோஸ்தா' வழக்கில், ஐரோப்பியச் சட்டம் உள்நாட்டுச் சட்டத்துக்கு மேலானது என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தத்தின் உள்ளேயே உறங்கிக்கிடந்த கருத்தை நீதிபதிகள் தட்டி எழுப்பினார்கள் என்று இக்கதை முடியும்.

ஆவணக் காப்பகங்களைத் திறந்து பார்த்தவர்கள் வேறு கதை சொன்னார்கள். மோர்டன் ராஸ்முசன் போன்ற வரலாற்றாளர்களும் அன்துவான் வோஷே போன்ற சமூகவியலாளர்களும் அந்தத் தீர்ப்புக்கு முன்னும் பின்னும் யார் யாரோடு பேசினார்கள், எந்தச் சங்கத்தில் கூடினார்கள், எந்த இதழில் எழுதினார்கள் என்று தேடினார்கள். 1963 வழக்கில் நெதர்லாந்து, பெல்ஜியம், மேற்கு ஜெர்மனி ஆகிய மூன்று அரசுகள் எதிராக வாதிட்டன. நீதிமன்றத்தின் தலைமைச் சட்ட ஆலோசகர்களில் ஒருவரான கார்ல் ரோமரும் மாற்றுக் கருத்தே சொன்னார். ஐரோப்பிய ஆணையத்தின் சட்டப்பிரிவுத் தலைவர் மிஷேல் கோடே மறுபக்கம் நின்றார். தீர்ப்பு தானாகக் கனியவில்லை; முயன்று வென்றெடுத்தார்கள். அரசியல் அறிஞர் டோமாசோ பவோனே 2022இல் வெளியிட்ட நூல், நீதிபதிகளுக்குப் பின்னால் நின்று வழக்குகளைத் தேடி உருவாக்கிய சாதாரண வழக்குரைஞர்களைக் காட்டுகிறது. மிலானில் மின்கட்டண வழக்கைக் கிளப்பியவர்களும் திருத்தணியில் எல்லைக் கோரிக்கையின் களத்தில் முன்னின்ற விநாயகமும் ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள் என்பது தற்செயல் ஒற்றுமை அல்ல.

இந்த விமரிசன ஆய்வுகளிலிருந்து திருத்தணிக்கு எடுத்துவரத் தக்க கேள்வி ஒன்று உண்டு. எந்தச் சட்டமும் முதலில் எதையாவது எண்ணுகிறது. அது ஊராக இருக்கலாம், சரக்காக, ஆளாக, ஆற்றுப்படுகையாக இருக்கலாம். எண்ணும் அலகு எது என்று முடிவான உடனேயே பாதி விடை முடிவாகிவிடுகிறது. மீதியைத்தான் நீதிபதிகளும் அதிகாரிகளும் பார்த்துக்கொள்கிறார்கள். அலகை யார் தேர்ந்தார்கள், ஏன் தேர்ந்தார்கள் என்று கேட்பதற்குச் சட்டம் மட்டும் போதாது. வரலாறும் மொழியியலும் பொருளாதாரமும் நீரியலும் வேண்டும்.

ஹெச்.வி. படாஸ்கரின் முடிவை இந்தக் கண்ணோடு படிக்கலாம். மத்தியில் சட்ட அமைச்சராக இருந்த படாஸ்கர், இரு மாநிலங்களுக்கும் இடையே நடுவராக அமர்ந்தார். அவர் வைத்த அளவுகோல்கள் மூன்று: ஊரே அலகு, அந்த ஊரின் பெரும்பான்மை மொழி, நிலத் தொடர்ச்சி. மொழியை அறிய 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இலக்கியம், கல்வெட்டு, கோயில், ஜமீன் வரலாறு எதற்கும் அதில் இடம் இல்லை. வட்டம் முழுவதையும் ஓர் அலகாக எடுத்திருந்தால் கோடு வேறு இடத்தில் விழுந்திருக்கும். மாவட்டத்தை எடுத்திருந்தால் திருத்தணியே கைநழுவியிருக்கும். வேங்கடத்தை அலகாக வைத்த ம.பொ.சி.க்குத் திருப்பதி கிடைக்காமல் திருத்தணி கிடைத்ததன் காரணம் இந்தத் தேர்வுதான். ஊர் என்ற சிறிய அலகு, ஒப்பீட்டளவில் நியாயமானது. ஒரு மாவட்டத்தின் பெரும்பான்மை, அதன் ஓரத்து ஊர்களை விழுங்க அது விடவில்லை.

மக்களையே கேட்டிருக்கலாமே என்ற கேள்வி எழும். அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் அப்படி ஒன்று நடந்தது. போருக்குப் பின் பிரான்சின் பிடியில் இருந்த சார் பகுதியை 'ஐரோப்பியப் பகுதி'யாக ஆக்கும் திட்டத்தை 1955 அக்டோபர் 23 அன்று அங்குள்ள வாக்காளர்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் நிராகரித்தார்கள். 1957 ஜனவரி 1 அன்று சார் மேற்கு ஜெர்மனியில் சேர்ந்தது. அங்கே அலகு வாக்காளர். திருத்தணியில் அலகு கணக்கெடுப்பில் பதிவான தாய்மொழி. வாக்குச்சீட்டில் மனிதர் தம் விருப்பத்தைச் சொல்கிறார். கணக்கெடுப்புப் படிவமோ அவர் யார் என்று மட்டும் கேட்கிறது. திருத்தணி மக்களிடம் விருப்பம் நேரடியாகக் கேட்கப்படவே இல்லை. போராட்டத்தின் வழியாகத்தான் அவர்கள் அதைச் சொன்னார்கள்.

தாய்மொழியை எண்ணும்போது எண்ணிக்கையில் விழாத மனிதர்கள் எல்லை ஊரில் நிறைய. வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ். அல்லது நகரியில் தறி ஓட்டும் குடும்பத்தில் வீட்டில் தமிழ், அலுவலகத்தில் தெலுங்கு. 1951 கணக்கெடுப்பு இரண்டாவது மொழி எது என்றும் கேட்டது. கோடு போடும்போது முதல் விடையே பயன்பட்டது. 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், இந்த எல்லைச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்த 1959இல் குடியரசுத் துணைத் தலைவர். அந்தப் பதவியால் மாநிலங்களவையின் தலைவரும் அவரே. படாஸ்கரின் கணக்கில் அவர் பிறந்த வீடு தெலுங்குப் பத்தியிலும் அவர் பிறந்த ஊர் தமிழ்ப் பத்தியிலும் வரும்.

இத்தாலியின் தெற்கு தைரோலில் இந்தச் சங்கடம் சட்டமாகவே இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் 1919இல் ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்குப் போன அந்த மலைநாட்டில் பெரும்பான்மையினர் ஜெர்மன் பேசுபவர்கள். அரசு வேலைகள் மொழிக் குழுவாரியாகப் பங்கிடப்படுகின்றன. அதற்கு ஒவ்வொருவரும் தாம் எந்த மொழிக் குழு என்று அறிவிக்க வேண்டும். அலெக்சாண்டர் லாங்கர் என்ற பசுமை இயக்கத் தலைவர் 1981 கணக்கெடுப்பில் அப்படி அறிவிக்க மறுத்தார். ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தும், 1995இல் போல்சானோ நகர மேயர் தேர்தலில் நிற்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. சிறுபான்மையைக் காக்க வந்த சட்டம், இரண்டு மொழிக்கும் சொந்தமானவரை வெளியே நிறுத்தியது.

அதே போல்சானோவிலிருந்துதான் எதிர்த்திசையில் போகும் ஒரு தீர்ப்பும் வந்தது. அங்கே உள்ளூர் ஜெர்மன் பேசுவோர் நீதிமன்றத்தில் ஜெர்மனிலேயே வழக்காடலாம். வழக்கில் மாட்டிய ஆஸ்திரிய லாரி ஓட்டுநர் ஒருவரும் ஜெர்மானியச் சுற்றுலாப் பயணி ஒருவரும் எங்களுக்கும் அந்த உரிமை வேண்டும் என்றார்கள். இது உள்ளூர்ச் சிறுபான்மைக்கானது என்றது இத்தாலி. 1998 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் பயணிகள் பக்கம் தீர்த்தது. மண்ணோடு கட்டப்பட்ட மொழி உரிமை, அந்த மொழி பேசும் பிற உறுப்பு நாட்டுக் குடிமக்களுக்கும் போய்ச் சேர்ந்தது. இதை வெறும் வெற்றியாகக் கொண்டாடாத ஆய்வாளர்களும் உண்டு. ஒரு சிறுபான்மை நெடுங்காலம் போராடிப் பெற்ற பாதுகாப்பை, நடமாட்டச் சுதந்திரம் என்ற சந்தைக் கருத்து பொதுச் சொத்தாக்குவதில் ஆபத்து உண்டா என்று அவர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனாலும் எல்லை ஊரில் வாழ்பவர் பக்கமிருந்து பார்த்தால், உரிமை ஆளோடு நடப்பதே நல்லது.

திருத்தணிப் பக்கம் உரிமை இன்னும் மண்ணோடுதான் கட்டுண்டிருக்கிறது. தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயமாக்கியது. தெலுங்கு உள்ளிட்ட சிறுபான்மை மொழி மாணவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போதெல்லாம் நீதிமன்றத்தில் விலக்குக் கேட்க நேர்ந்தது. எல்லைக்கு அப்பால், புத்தூர், நகரி, சித்தூர் பக்கம் தமிழ் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு வாய்ப்புச் சுருங்கிவருகிறது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர அரசியலமைப்பின் 350அ பிரிவு மாநிலங்களைக் கேட்கிறது. அதை நடைமுறையில் காக்க இரு மாநிலங்களும் சேர்ந்து எதுவும் செய்வதில்லை. வடக்கெல்லைப் போராட்டத்தின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்வோர், அப்பால் விடப்பட்ட தமிழருக்குக் கேட்பதை இப்பால் தங்கிய தெலுங்கருக்கும் கேட்க வேண்டும்.

சரக்குகளின் கதை வேறு. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே. பேட்டை ஆகிய ஊர்களும் எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூரும் ஒரே நெசவு வட்டாரம். நூலும் துணியும் உறவும் கோட்டைத் தாண்டியே நடந்தன. வணிகம் நாடெங்கும் தடையின்றி நடக்கும் என்கிறது அரசியலமைப்பின் 301ஆவது பிரிவு. ஆனாலும் 2017 ஜூலை 1 அன்று சரக்கு சேவை வரி வரும்வரை, மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு மத்திய விற்பனை வரியும் 'சி' படிவமும் சோதனைச் சாவடியும் இருந்தன. ஐரோப்பா சரக்குத் தடைகள் பலவற்றை நீதிமன்றத்தின் வழியே முன்னதாகவே தகர்த்தது. 1979இல், 'காசிஸ்' என்ற பிரெஞ்சு மதுவில் சாராயச் சத்து போதாது என்று ஜெர்மனி தடுத்தபோது, ஒரு நாட்டில் முறையாக விற்கப்படும் பொருளைத் தக்க காரணமின்றி இன்னொரு நாடு தடுக்கக் கூடாது என்றது லக்சம்பர்க். சரக்கு அங்கே முதல் குடிமகனாகிவிட்டது என்று குறைப்படும் விமரிசகர்கள் ஐரோப்பாவில் பலர்.

மின்சாரத்தில் இந்த வேறுபாடு கூர்மையாகிறது. தமிழ்நாட்டு விசைத்தறியாளருக்கு இரு மாதத்துக்கு 750 அலகு மின்சாரம் இலவசமாக இருந்தது. 2023இல் அது 1,000 அலகானது. கோட்டுக்கு அப்பால் அதே துணியை நெய்பவருக்கு அப்போது இந்தச் சலுகை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓர் அரசு இப்படி உதவினால், சிறு தொகைக்கு விலக்கு உண்டு என்றாலும், போட்டியைக் குலைக்கிறதா என்று பிரஸ்ஸல்ஸ் கேட்கலாம். இந்தியாவில் கேட்க யாரும் இல்லை. தறிக்காரர் தரப்பில் நின்றால் இந்திய முறையே மேல். தன் மக்களுக்கு உதவும் அதிகாரத்தை மாநிலம் சந்தையிடம் அடகு வைக்கவில்லை.

எல்லைக்கல்லை நகர்த்தும் அதிகாரத்தில் நிலைமை தலைகீழ். ஐரோப்பிய ஒன்றியம் உறுப்பு நாட்டின் எல்லையில் ஓர் அங்குலத்தைக்கூட மாற்ற முடியாது. நாடுகளின் நில ஒருமையை மதிக்க வேண்டும் என்று அதன் அடிப்படை ஒப்பந்தமே சொல்கிறது. அது செய்தது எல்லையை லேசாக்கியதுதான்: 1985இல் ஷெங்கன் உடன்பாடு, 1995இல் அதன் நடைமுறை. இந்தியாவிலோ அரசியலமைப்பின் மூன்றாவது பிரிவின்படி நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையால் எந்த மாநிலத்தின் எல்லையையும் மாற்றலாம். மாநிலங்களின் கருத்தைக் கேட்டால் போதும், ஏற்க வேண்டியதில்லை. இதில் காலப் பொருத்தம் ஒன்று உண்டு. திருத்தணி மாறுவதற்குப் பதினெட்டு நாள் முன்பு, 1960 மார்ச் 14 அன்று, பெருபாரி என்ற நிலப்பகுதி பற்றிய கருத்துரையில் உச்ச நீதிமன்றம், இந்திய நிலத்தை வேறு நாட்டுக்குக் கொடுக்க அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்றது. உள்ளே மாற்றுவது எளிது, வெளியே கொடுப்பது கடினம் என்று இரண்டும் சேர்ந்து வரையறுத்தன.

ஐரோப்பிய எல்லையின் கண்ணியமான கதையிலும் ஒரு மறைந்த பக்கம் உண்டு. 1957 ரோம் ஒப்பந்தத்தின் 227ஆவது பிரிவு அல்ஜீரியாவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. பிரான்சின் பகுதியாக அது ஐரோப்பியச் சமூகத்துக்குள் இருந்தது. 1962இல் விடுதலை பெற்றபின்னும் அந்தப் பெயர் ஒப்பந்த வாசகத்தில் பல ஆண்டு நீடித்தது. மேகன் பிரவுன் 2022இல் எழுதிய நூல் அல்ஜீரியாவை ஏழாவது உறுப்பு நாடு என்றே அழைக்கிறது. ஐரோப்பியச் சட்டத்தைக் காலனி ஆட்சியின் வரலாற்றோடு சேர்த்துப் படிக்க மறுத்தவர்களால் இதைப் பார்க்க முடியவில்லை. சித்தூர் மாவட்டத்தின் 1911 கோட்டை மறந்து 1953ஐ மட்டும் படிப்பவர்களுக்கும் இதே குறை நேரும்.

படாஸ்கரின் அளவுகோல் திருத்தணியோடு நிற்கவில்லை. பெலகாவி உள்ளிட்ட ஊர்களைக் கர்நாடகத்திடம் கேட்கும் மகாராஷ்டிரம், ஊரே அலகு என்ற அதே வாதத்தை முன்வைத்து 2004இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. கர்நாடகமோ இந்தத் தகராறை ஆராய்ந்த மகாஜன் ஆணையத்தின் பரிந்துரையை ஏற்கச் சொல்கிறது. அங்கும் சண்டை எதை எண்ணுவது என்பதில்தான்.

கோடு மாறியவுடன் வாழ்க்கையின் சட்டமும் மாறிவிடவில்லை. வந்து சேர்ந்த ஊர்களுக்குச் சென்னைச் சட்டங்களைப் பொருத்த 1961இல் தழுவல் ஆணையும், 1962இல் சேர்ந்த பகுதிகளுக்கான சட்ட விரிவாக்கச் சட்டமும் தேவைப்பட்டன. ஒரே மாநிலத்துக்குள், கொஞ்ச காலம், பழைய ஆந்திரச் சட்டமும் சென்னைச் சட்டமும் அடுத்தடுத்த ஊர்களில் நடந்தன. தமிழ்நாட்டின் பல சட்டங்களில் 'சேர்ந்த பகுதிகள்' என்ற சொற்றொடர் 1959 சட்டத்தின் அட்டவணையை இன்னும் சுட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கணக்குகள் எதிலும் இடம் பெறாதது ஆறு. கொசஸ்தலை ஆற்றுக்கும் அதோடு சேரும் நகரி ஆற்றுக்கும் நீர் தரும் மலைகளில் கணிசமான பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. அந்த நீர் பள்ளிப்பட்டு வழியாகப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வந்து சென்னையின் குடிநீராகிறது. ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்படும் மழைக்காலங்களில் பள்ளிப்பட்டுப் பக்கம் தரைப்பாலங்கள் மூழ்கிப் போக்குவரத்து அறுந்துபோகிறது. வறண்ட காலத்தில் அதே ஆறு மணல் பாதையாகக் கிடக்கிறது. ஆந்திரம் புதிய நீர்த்தேக்கங்கள் கட்டத் திட்டமிட்டபோது, 2022 ஆகஸ்டில் முதல்வர் மு.க. ஸ்டாலின் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஊர் ஊராக மொழி பார்த்துப் போட்ட கோடு, ஆற்றை மேலும் கீழுமாக வெட்டிவிட்டது. 

ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டு நீர்க் கட்டமைப்பு ஆணையில் அலகையே மாற்றிக்கொண்டது. நீர் மேலாண்மைக்கு நாடும் மாகாணமும் இனி அலகு அல்ல, ஆற்றுப்படுகைதான். எல்லை தாண்டும் ஆறானால் நாடுகள் சேர்ந்தே படுகைத் திட்டம் வகுக்க முயல வேண்டும். செயல்பாட்டில் அங்கும் குறைகள் உண்டு, காலக்கெடுக்கள் தவறியிருக்கின்றன. ஆனால் எண்ணும் அலகு சரியானது. இந்தியாவிலும் இதற்கான சட்டம் 1956 முதல் இருக்கிறது: நதி வாரியங்கள் சட்டம். மாநிலங்களுக்கிடையிலான ஆற்றுக்கு, மாநில அரசு கேட்டால், மத்திய அரசு ஆலோசனை வாரியம் அமைக்கலாம். அப்படி ஒரு வாரியமும் அதன்கீழ் அமைந்ததில்லை. காவிரி போன்ற பெரிய ஆறுகளின் அரசியல் சூட்டில் இதைத் தொடங்குவது கடினம். கொசஸ்தலை சிறிய ஆறு, இரண்டே மாநிலங்கள். அணை திறக்கும் நேரத்தை முன்னறிவிப்பது, மணல் எடுப்பைக் கட்டுப்படுத்துவது, வறட்சியில் நீர் பங்கிடுவது என்ற மூன்று வேலைகளோடு முதல் வாரியத்தை இங்கே தொடங்கலாம். கோரிக்கையைச் சென்னையோ அமராவதியோ எழுத வேண்டியதுதான் பாக்கி.